அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்ட அதிகாரம்

கிருஷ்ணகிரியில் நான் பழகும் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஏதேனும் ஒரு பெரிய காரியம் முடிவாகும்போது, "இது ஆண்டவர் சொன்னது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது. மகளுக்கு எந்த வரனை முடிப்பது, ஓசூரில் விலைக்கு வரும் வீட்டுமனைக்கு முன்பணம் கொடுக்கலாமா, மகன் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகலாமா என்று எந்தப் பேச்சாக இருந்தாலும், இந்த வார்த்தை வந்துவிட்டால் அதற்குமேல் எவரும் வாய் திறப்பதில்லை. மறுத்துப் பேசினால் தேவனையே எதிர்த்ததாகிவிடுமோ என்ற பயம் எல்லாரையும் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. தேவபயம் அற்றுப்போன வீடு எப்படிச் சீரழியும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காததால், மனிதருடைய விருப்பங்கள் தேவ கட்டளையின் மரியாதையைப் பெற்றுவிடுகின்றன. தேவன் எழுத்திலே தெளிவாகக் கட்டளையிட்டிருக்கிற கூலி, தராசு, கடன், வாக்கு ஆகிய காரியங்களோ பக்திக்குச் சம்பந்தமில்லாத உலகக் காரியங்களாக ஒதுக்கப்படுகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியையாகவும், லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவளாகவும், தேவனுடைய அதிகாரத்தை அன்றாட வாழ்க்கையில் எதைக்கொண்டு அடையாளம் காண்பது என்பதைப் பற்றி நெடுங்காலமாக நான் எண்ணிவருவதை இங்கே எழுதுகிறேன்.

இதற்கு விடை தேடும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கப்பர்நகூமிலிருந்த நூற்றுக்கு அதிபதியிடம்தான். மத்தேயு 8-ஆம் அதிகாரத்திலும் லூக்கா 7-ஆம் அதிகாரத்திலும் அவருடைய வரலாறு வருகிறது. தன் வேலைக்காரன் சாகும் நிலையில் கிடக்க, இயேசு வீட்டுக்கு வர இசைந்தபோது, அந்த ரோமப் படைத்தலைவர், நீர் என் வீட்டுக்குள் வர நான் பாத்திரன் அல்ல, ஒரு வார்த்தை மாத்திரம் சொல்லும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைப் பலர் பாதியாகவே கேட்கிறார்கள். நான் ஒருவனைப் போ என்றால் போகிறான், வா என்றால் வருகிறான் என்ற பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னே, "நான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவனாயிருந்தும்" என்று அவர் தொடங்குவதை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம். தன்னுடைய கட்டளைக்குச் சேவகர் கீழ்ப்படிவதற்குக் காரணம் தன் உடல் வலிமையோ உரத்த குரலோ அல்ல, தான் மேலே இருக்கிற ஒருவருக்குக் கீழ்ப்பட்டிருப்பதே என்பதை அந்த மனிதர் தம் தொழிலிலேயே கற்றிருந்தார். ஆகையால், நோயைப் பார்த்துப் போ என்று சொல்லக்கூடிய இயேசுவும் பிதாவுக்கு முற்றிலும் கீழ்ப்பட்டிருக்கிறவராக இருக்கவேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். இஸ்ரவேலருக்குள்ளும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று இயேசு ஆச்சரியப்பட்டார். வேதபாரகர் காணாததை ஒரு புறஜாதிப் போர்வீரர் கண்டார்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரை இன்றும் மணியக்காரர் என்றே பெரியவர்கள் அழைக்கிறார்கள். அவர் கையிலிருக்கும் முத்திரைக்கு மதிப்பு அரசாங்கத்திடமிருந்து வருகிறது. மாறுதலாகிப் போகும் நாளில் அதை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். இல்லாத நிலத்துக்கு அந்த முத்திரையை அவர் குத்திக் கொடுத்தால் அவரே விசாரணைக்குப் போய் நிற்கவேண்டும். தேவனிடத்திலிருந்து மனிதருக்கு வரும் அதிகாரம் எதுவாயினும், தகப்பனுடையதாயினும் போதகருடையதாயினும் முதலாளியுடையதாயினும், இந்த வகையைச் சேர்ந்ததே. ஆகவே, தேவ அதிகாரத்தின் பெயரால் ஒருவர் நமக்குக் கட்டளையிடும்போது நாம் பார்க்கவேண்டிய முதல் காரியம், அவர் எதற்குக் கீழ்ப்பட்டிருக்கிறார் என்பதே. அவருடைய வார்த்தையைத் திருத்தக்கூடிய ஒரு வசனம் உண்டா, அவரிடம் கணக்குக் கேட்கக்கூடிய ஒருவர் உண்டா, தவறு என்று காட்டினால் அவர் திரும்புவாரா? இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், அவர் எத்தனை முறை ஆண்டவருடைய நாமத்தை உச்சரித்தாலும், அங்கே நடப்பது அவருடைய சொந்த ஆளுகை.

இயேசுவின் வாழ்க்கை முழுவதுமே இந்த முறைமையில் அமைந்திருப்பதைச் சுவிசேஷங்களை வரிசையாக வாசிக்கிற எவரும் காணலாம். வனாந்தரச் சோதனையில் பிசாசு அவரை மிகவும் உயர்ந்த மலையின்மேல் கொண்டுபோய் உலகத்தின் சகல ராஜ்யங்களையும் காட்டி, பணிந்துகொண்டால் தருவேன் என்கிறான். பிதாவுக்குக் கீழ்ப்படியாமல், சிலுவையில்லாமல், ஒரே நாளில் கிடைக்கிற அதிகாரம் அது. எழுதியிருக்கிறதே என்ற பதிலால் அவர் அதைத் தள்ளிவிட்டார். அதே மத்தேயு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியில், கலிலேயாவில் இன்னொரு மலையின்மேல், வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சீஷருக்குச் சொல்லுகிறார். இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில் இருப்பது, பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து அவர் ஜெபித்த கெத்செமனேயும், சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவும். அதிகாரத்தைப் பறித்துக்கொள்ளாமல் பெற்றுக்கொண்டவர் என்பதால்தான் ரோம ஆளுநரான பிலாத்துவின் முன் கட்டுண்டு நின்றபோதும், பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால் என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது என்று அவரால் அமைதியாகச் சொல்லமுடிந்தது. அந்த நேரத்தில் அந்த மண்டபத்தில் உண்மையான அதிகாரத்தோடு பேசியவர் விலங்கோடு நின்றவர்தான்.

எங்கள் ஊர்ச் சபையின் தொடக்கமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகளில் பலர் அறிந்திருக்கவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்த தியோடர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்னும் மிஷனரிகள், வேதாகமத்தின் முழு அதிகாரத்தைப் பற்றித் தங்கள் மிஷனோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1890-களின் தொடக்கத்தில் அதிலிருந்து பிரிந்தார்கள். அனுப்பிய சங்கத்தைவிட வேதவசனம் மேலானது என்பதே அவர்கள் நிலை. அதன்பின் அமெரிக்காவின் மிசௌரி சினோடு என்னும் லுத்தரன் திருச்சபை 1894-இல் அவர்களை இந்தியாவுக்கான மிஷனரிகளாக நியமித்தது. 1895-இல் நேத்தர் கிருஷ்ணகிரிக்கு வந்து பணியைத் தொடங்கினார். மோன் ஆம்பூரில் தொடங்கினார். நேத்தர் 1904-இல் கிருஷ்ணகிரியிலேயே பிளேக் நோயால் மரித்தார். அவர்கள் தொடங்கிய பணியிலிருந்துதான் பின்னாளில் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை வளர்ந்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொடுவது அவர்கள் பிரிந்தது மட்டுமல்ல, பிரிந்தபின் அவர்கள் நடந்துகொண்ட விதமும்தான். மொழி தெரியும், ஜனங்களைத் தெரியும், கண்காணிக்க ஆள் இல்லை. தங்கள் பெயரிலேயே ஒரு ஊழியத்தைத் தொடங்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், தங்கள் போதனையைச் சோதித்துப் பார்த்து அனுப்பக்கூடிய இன்னொரு சபையின் கீழ் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். வேதத்தின் அதிகாரத்துக்காக ஒருவருடைய கீழ்ப்படிதலிலிருந்து வெளியேறியவர்கள், எவருக்கும் கீழ்ப்படாதவர்களாக மாறிவிடவில்லை. இன்று வேதத்துக்காகப் பிரிகிறோம் என்று சொல்லி ஒரு வாடகை மண்டபத்தில் தனியாகத் தொடங்கும் சிலர், கணக்குக் காட்டவேண்டிய குழுவோ கேள்வி கேட்கக்கூடிய மூப்பரோ இல்லாமல் பல ஆண்டுகள் நடத்துவதைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்படிப்பட்ட இடங்களில் கேள்வி கேட்பவர்களை அடக்குவதற்கு 105-ஆம் சங்கீதத்தின் ஒரு வசனம் தவறாமல் எடுக்கப்படுகிறது: நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள் என்பது. அந்தச் சங்கீதத்தை மேலிருந்து வாசித்தால், அங்கே அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். கொஞ்சத் தொகையான ஜனங்களும் பரதேசிகளுமாய் ஒரு தேசத்தைவிட்டு மறுதேசத்துக்கு நடந்து திரிந்தவர்கள் அவர்கள். அவர்களைத் தொடாதிருங்கள் என்று கண்டிக்கப்பட்டவர்கள் ராஜாக்கள். பலமுள்ளவரிடமிருந்து பலவீனரைக் காக்கும்படி தேவன் பேசிய வார்த்தையை, மேடையில் இருப்பவர் கீழே உட்கார்ந்திருக்கும் விதவையின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது அந்த வசனத்துக்கே செய்யும் அநியாயம்.

தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின்மேல் கைபோடவில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். குகையிலே சவுல் தனியாக அகப்பட்டபோது அவன் சால்வையின் தொங்கலை மாத்திரம் அறுத்துக்கொண்டு, அதற்காகவும் மனம் அடித்துக்கொண்டவன் தாவீது. ஆனால் அந்த வேதப்பகுதி அங்கே முடியவில்லை. தாவீது வெளியே வந்து, எல்லாரும் கேட்க, சவுலை நோக்கிச் சத்தமிட்டு, அவன் செய்வது அநியாயம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிக்கட்டும் என்றான். பிறகு அதே தாவீது ராஜாவாகி உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டபோது, நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்குள்ளே வந்து, நீயே அந்த மனுஷன் என்றான். தாவீது, நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். சவுலும் அபிஷேகம் பெற்றவன்தான், தாவீதும் அபிஷேகம் பெற்றவன்தான். சாமுவேல் தீர்க்கதரிசி கடிந்துகொண்டபோது சவுல் சாக்குச் சொன்னான், நாத்தான் கடிந்துகொண்டபோது தாவீது தன்னைத் தாழ்த்தினான். தேவனால் வந்த அதிகாரத்தைத் தாங்கத் தகுந்தவன் யார் என்பதை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்ததைக் கலாத்தியருக்கு எழுதின நிருபம் மறைக்காமல் பதிவுசெய்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான் என்று நம்புகிறேன்.

தீர்க்கதரிசனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தருமபுரியிலும் ஓசூரிலும் நடக்கும் எழுப்புதல் கூட்டங்களுக்குப் போய்வருகிற என் உறவினர் பலர் உண்மையான பக்தியுள்ளவர்கள். அவர்களுடைய ஜெப வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டது உண்டு. தெசலோனிக்கேயருக்குப் பவுல், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று எழுதினார். உடனே அடுத்த வசனத்தில், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். முதல் வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் ஏமாற்றப்படுகிறார்கள். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் வறண்டுபோகிறார்கள். பெரோயா பட்டணத்தார், பவுலாகிய அப்போஸ்தலரே போதித்ததையும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுத் தினந்தோறும் ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று புகழப்பட்டார்களே தவிர, எதிர்த்தவர்கள் என்று கண்டிக்கப்படவில்லை.

நான் ஆசிரியையாகப் பணியாற்றிய காலம் முழுவதும் என் மனதை அழுத்திய ஒரு காரியத்தை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் மாவட்டத்திலும் தருமபுரியிலும், ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் கோடை விடுமுறைக்குப்பின் பள்ளிக்குத் திரும்பாமல்போவதும், விசாரித்தால் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரியவருவதும் ஆசிரியர்கள் அறிந்த துயரம். இதைவிடக் கொடிய துயரமும் இந்த மண்ணில் இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்திருக்கவில்லை, 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. பெற்றவர்களுக்குப் பிள்ளையின் உயிர்மேலேயே உரிமை உண்டு என்று எண்ணப்பட்ட ஊரில்தான் நாங்கள், பிள்ளைகளே உங்கள் பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தோம். அந்த வசனத்தை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் எபேசியருக்கு எழுதப்பட்ட அந்தப் பகுதி பிள்ளைகளோடு நின்றுவிடாமல் உடனே பிதாக்களை நோக்கித் திரும்பி, அவர்களையும் கர்த்தருடைய போதனைக்குக் கீழ்ப்படுத்துகிறது. அந்தப் பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுப்பது, தேவன் தகப்பனுக்குக் கொடுத்த கடமையைத் தகப்பனுக்குச் சொத்தாக மாற்றிக் கொடுப்பதாகும்.

ஒரு குடும்பம். எங்கள் சபையைச் சேர்ந்ததல்ல. பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தூரத்து உறவில் மாப்பிள்ளை பார்த்து, கூட்டத்தில் ஒருவர் சொன்ன தீர்க்கதரிசனத்தால் அது உறுதியாகிவிட்டது என்று தகப்பன் நம்பினார். அந்தப் பெண்ணின் பாட்டி மட்டும் மனம் ஒப்பாமல், பழக்கத்தின் காரணமாக என்னிடம் வந்தார். "டீச்சர், ஆண்டவர் சொன்னார் என்கிறான் மகன். நான் வேண்டாம் என்றால் எனக்குப் பாவமா?" என்று கேட்டார். நான் அவரை எங்கள் போதகரிடம் அழைத்துச் சென்றேன். போதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, பதினெட்டு வயதுக்கு முன்னே பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. ஆளுகிறவர்களை ஆண்டவர் நியமித்திருக்கிறார் என்று ரோமர் 13 சொல்லுகிறது. ஆண்டவர் தம்முடைய ஊழியக்காரரைக்கொண்டு ஒரு பிள்ளையைக் காக்கச் சட்டம் எழுதவைத்துவிட்டு, இன்னொருவரைக்கொண்டு அதை மீறச் சொல்லமாட்டார். உங்கள் மகனிடம் நானும் வந்து பேசுகிறேன்" என்றார். அந்தப் பேச்சு எளிதாக முடியவில்லை. மகன் கோபப்பட்டார், எங்கள் போதகரை விசுவாசமற்றவர் என்றுகூடச் சொன்னார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்காக இருக்கிறது என்பதை நான் அவர் முன்னிலையிலேயே எடுத்துச் சொன்னேன். திருமணம் நின்றது. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள்.

இதில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. அங்கே மூன்று அதிகாரங்கள் எதிரெதிராக நிற்பதாகத் தோன்றியது: தகப்பனுடையது, தீர்க்கதரிசியினுடையது, அரசாங்கத்தினுடையது. பக்தியுள்ள கண்ணுக்கு முதல் இரண்டும் பரிசுத்தமாகவும் மூன்றாவது உலகத்துக்குரியதாகவும் தெரிகிறது. ஆனால் அன்று தேவனுடைய சித்தத்தைச் சுமந்து நின்றது எது என்று பார்த்தால், சிறியவளைக் காக்கும்படி எழுதப்பட்டு, நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்பட்டிருக்கிற அந்தச் சட்டமே. அரசாங்கம் சொல்லுவதெல்லாம் தேவ சித்தம் என்று நான் சொல்லவில்லை. இயேசுவின் நாமத்தைக் குறித்துப் பேசக்கூடாது என்று யூதருடைய ஆலோசனைச் சங்கம் கட்டளையிட்டபோது, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று அப்போஸ்தலர் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அடிபடவும் ஆயத்தமாக இருந்தார்கள். தேவனுக்காக மறுக்கிறவர் அந்த மறுப்பின் விலையைத் தாமே செலுத்துகிறார். அந்தத் தகப்பனுடைய முடிவின் விலையையோ ஒரு பதினாறு வயதுப் பெண் செலுத்தவேண்டியிருந்தது.

மற்றவர்களுடைய அதிகாரத்தைச் சோதிப்பதைப் பற்றியே இதுவரை எழுதினேன். நம் கையிலிருக்கும் அதிகாரத்தைப் பற்றியும் எழுதாவிட்டால் இது அரைகுறையாகிவிடும், ஏனென்றால் நம்மில் எவரும் முழுக்க முழுக்கக் கீழே இருப்பவர் அல்லர். என் கணவருக்குக் கிருஷ்ணகிரிக்கு வெளியே முன்னோர் வழியில் வந்த ஒரு சிறிய மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் பெங்களூரா, ஓரத்தில் கொஞ்சம் செந்தூராவும் நீலமும். பூ எடுக்கும்போதே குத்தகைக்கு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நாங்கள் காய் பறிப்பு வரை வைத்திருந்து மண்டிக்கோ மாங்கூழ்த் தொழிற்சாலைக்கோ கொடுக்கிறோம். ஒரு பருவத்தில் விலை கிடைக்கிறது, இன்னொரு பருவத்தில் பறிப்புக் கூலிக்கே கட்டுவதில்லை. சரக்குப் போய்ச் சேர்ந்தாலும் பணம் வருவதற்கு நாட்கள் ஆகும். அந்த நாட்களில்தான் தோட்டத்துக்காரருடைய விசுவாசம் எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரிகிறது. எனக்கு வரவேண்டியது வரட்டும், பிறகு உங்களுக்குக் கொடுக்கிறேன் என்று பறிப்பு ஆட்களிடம் சொல்லுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அதைத் தவறு என்று எவரும் நினைப்பதுமில்லை.

ஆனால் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. உபாகமம் 24, பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுகிறது. யாக்கோபு தம் நிருபத்தில், பிடித்துவைக்கப்பட்ட கூலி தானே கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் எழுதுகிறார். ஆண்டவர் சொன்னார் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் நான் சொல்லக்கூடிய வார்த்தை இதுதான். இதற்குத் தரிசனம் வேண்டாம், கூட்டம் வேண்டாம். என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் சந்தைக்கு முந்தின நாள் மாலைக்குள் ஆட்களுக்குக் கூலி கொடுத்துத் தீர்க்காமல் விளக்கேற்றி ஜெபிக்க உட்காரமாட்டார். கையில் இல்லாத வருடங்களில் நகையை அடகு வைத்தும் கொடுத்திருக்கிறார் என்று என் கணவர் சொல்லுவார். அந்தப் பழக்கத்தை நாங்களும் கைவிடாமல் வைத்திருக்கிறோம், அதற்கென்றே பருவத்துக்கு முன்பு ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைக்கிறோம். எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் என்று கொலோசெயருக்கு எழுதின நிருபம் சொல்லுவதை நான் இந்தத் தொகையைக்கொண்டுதான் புரிந்துகொள்கிறேன்.

தராசும் அப்படியே. சுமுத்திரையான (அதாவது சரியான) தராசும் சுமுத்திரையான நிறைகல்லும் உங்களுக்கு இருக்கவேண்டும் என்ற கட்டளை, ஓய்வுநாளைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும் சொல்லுகிற அதே லேவியராகமம் 19-இல்தான் இருக்கிறது. உங்கள் தேவனாகிய கர்த்தர் நானே என்ற அதே முத்திரையோடுதான் முடிகிறது. புளியும் மாங்காயும் தக்காளியும் எடைபோட்டு வாழ்கிற மாவட்டத்தில் இதைப்பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

சிறுவயதில் எங்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பில், அதாவது சபையில் விசுவாசத்தை அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் வகுப்பில், எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்னும் வினாவிடை நூலை மனப்பாடமாக்கினார்கள். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றுக்கும் அவர் கொடுக்கும் விளக்கம், நாம் தேவனுக்குப் பயந்து அவரில் அன்புகூரவேண்டும் என்றே தொடங்கும். களவு செய்யாதே என்றால், அந்தப் பயமும் அன்பும் அயலானுடைய பணத்தை எடுக்காமல் இருப்பதோடு நில்லாமல், அவனுடைய ஆஸ்தியையும் பிழைப்பையும் விருத்தியாக்க உதவிசெய்யவேண்டும் என்று போகும். பயத்தையும் அன்பையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொல்ல அந்த வகுப்பு எங்களைப் பழக்கியதற்காக நான் நன்றியுள்ளவளாக இருக்கிறேன். பயம் மட்டும் இருக்கிற இடத்தில், அதிகாரமுள்ளவர் பார்க்காத நேரத்தில் கீழ்ப்படிதல் நின்றுவிடுகிறது. அன்பு மட்டும் பேசப்படுகிற இடத்தில், நமக்குப் பிடிக்காத கட்டளை வந்தவுடன், ஆண்டவர் என் இருதயத்தை அறிவார் என்று சொல்லி நழுவிவிடுகிறோம். கர்த்தருடைய ஜெபத்தின் மூன்றாவது விண்ணப்பத்துக்கு அதே நூலில் அவர் எழுதியதும் எனக்கு அடிக்கடி உதவுகிறது: தேவனுடைய சித்தம் நம்முடைய ஜெபமில்லாமலே நடக்கிறது, அது நம்மிடத்திலும் நடக்கவேண்டும் என்றே ஜெபிக்கிறோம் என்கிறார். உலகத்தை ஆளுகிற அவருக்கு என் அனுமதி தேவையில்லை. என் சமையலறையிலும் என் கணக்குப் புத்தகத்திலும் என் நாவிலும் அவருடைய சித்தம் நடக்கட்டும் என்று கேட்பதே என் பங்கு.

வீட்டுக்குள் கணவன் மனைவி விஷயத்தில் இதை எப்படிப் பார்ப்பது என்று பெண்கள் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்லுகிறேன். எபேசியர் 5-இல் மனைவிகளுக்குச் சொல்லப்படுவதற்கு முன்னே, தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்ற வசனம் நிற்கிறது. அதன்பின் கணவருக்குக் கொடுக்கப்படும் அளவுகோல் சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த கிறிஸ்து. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவன் இந்த வேதப்பகுதியை எடுத்துக் காட்டுவதற்கு எந்த உரிமையும் இல்லாதவன், அவனுக்கு அதை எடுத்துக்கொடுக்கிற உறவினர்களும் அந்தப் பாவத்தில் பங்குள்ளவர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் எங்கள் சபை இளைஞர்களுக்கு வேறு வகையான சிக்கல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போட்டுவிட்டால் ஆராதனைக்கு வரமுடிவதில்லை. மேலாளருக்குக் கீழ்ப்படிவதா, ஓய்வுநாளை ஆசரிப்பதா என்று கேட்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது ஒப்புக்கொண்ட ஷிப்டை நேர்மையாகச் செய்வதும் கர்த்தருக்கென்று செய்யும் வேலையே என்று நான் அவர்களுக்குச் சொல்லுவேன். அதே நேரத்தில், கூடுதல் சம்பளத்துக்காகத் தாங்களாகவே ஞாயிறு ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு, மேலாளர் விடவில்லை என்று சபையில் சொல்லுவது சரியல்ல என்பதையும் சொல்லுவேன். அங்கே மேலாளரின் பெயர் வெறும் மறைவிடம். உண்மையில் கட்டளையிடுவது பணம். ஒரு பையன் இதைக் கேட்டபின் தன் மேற்பார்வையாளரிடம் வெளிப்படையாகப் பேசி, மாதத்தில் இரண்டு ஞாயிறுகளை மற்றொருவரோடு மாற்றிக்கொண்டான். அதற்குப் பதிலாக அவருடைய பண்டிகை நாட்களில் இவன் வேலை பார்க்கிறான். மற்ற ஞாயிறுகளில் ஷிப்ட் முடிந்து வந்தபின் அறையில் இருக்கும் மூன்று பேரோடு சேர்ந்து சங்கீதம் வாசித்து ஜெபிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தெலுங்கிலும் ஒருவர் கன்னடத்திலும் ஜெபிப்பார்களாம். எங்கள் போதகர் மாதத்துக்கு ஒருமுறை ஓசூருக்குப் போய் அவர்களுக்குத் திருவிருந்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். அந்த ஏற்பாட்டுக்குச் சபை மூப்பர் கூட்டத்தில் அனுமதி கேட்டுத் தீர்மானம் எழுதிய பிறகுதான் அவர் முதல்முறை பேருந்து ஏறினார்.